வைக்கோல் போர்த்திய களிமண்

"அது கட்டி மண்ணு, வெர்டெல். உறைஞ்சு கல்லாக் கெடக்கு, அதைப் போய்—"

"மண்ணு மண்ணுதான். நீ கொட்டு."

"—அதைப் போய் கரை வாயில அடைச்சா, ரெண்டு நாள் வெயிலு பட்டதும் உள்ளுக்குள்ள இளகி—"

"ஒவ்வொரு வருஷமும் இதே பாட்டு. மேல கொஞ்சம் பனி புடிச்சிருக்கும், அவ்வளவுதான். ஆறு உனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?"

"நான் சொல்றதைச் சொல்லிட்டேன். அப்புறம் சொல்லலைன்னு சொல்லக் கூடாது."

"சொன்னே, சொன்னே. இப்பக் கொட்டு."

பக்கத்துப் பண்ணை லைல் ப்ரெக்கெ உங்களிடம் சொன்னது இதுதான் என்றால், அவர் ஒரு வார்த்தை மாற்றாமல்தான் சொல்லியிருக்கிறார். லைல் நேர்மையான மனிதர். அன்று அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். என் குரலும் கொஞ்சம் பெரிது. ஆயுள் முழுக்க டிராக்டர் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவள்.

காபி ஆறுகிறது, குடியுங்கள். இந்த அறையில் அடுப்பு சின்னது, ஒரு தடவைக்கு இரண்டு கோப்பைதான் வரும். அந்தத் தட்டில் இருப்பது லைலின் மனைவி மார்லிஸ் கொடுத்தனுப்பியது. அண்ணன் வெர்டெல் செத்துப்போன நாளிலிருந்து எனக்கு யாராவது கேக் கொடுத்தனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

நீங்கள் கொண்டுவந்த விசாரணைக் காகிதத்தைப் படித்தேன். 'விபத்து' என்று எழுதி, கீழே கோடு போட்டிருக்கிறீர்கள். கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது என்றீர்கள். போடுவதற்கு முன்னால் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அரைகுறை வேலை எனக்கு ஒத்து வராது. எங்கள் பள்ளத்தாக்கில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஆர்டிஸ் ட்வெய்ட் முடித்த கரையில் கை வைத்து இன்னொருவர் திருத்தியதில்லை.

நீங்கள் மேற்கே மாட்டுப்பண்ணைப் பக்கம் பிறந்தவர் என்றீர்கள். மண்வாரி ஓட்டியிருக்க மாட்டீர்கள். பார்க்க எளிதுதான். முன்னால் டிராக்டர். பின்னால் இழுபட்டு வருவது ஓர் இரும்புத் தொட்டி, தொட்டியின் அடி உதட்டில் நீளமாக ஒரு வெட்டுத் தகடு. தகட்டை இறக்கினால் மண் சுருண்டு சுருண்டு தொட்டிக்குள் ஏறும். நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வேண்டிய இடத்தில் வாயைத் திறந்தால், பின்னாலிருந்து ஒரு பலகை தள்ள, மண் பாய் விரித்த மாதிரி விரியும். பேராசைப்பட்டு ஆழமாக இறக்கினால் டிராக்டர் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். உருளைக்கிழங்குத் தோல் சீவுகிற மாதிரி சீவ வேண்டும். கொட்டும்போதும் அரை அடிக்கு மேல் கொட்டக் கூடாது. கொட்டியதன் மேல் ஏறி மிதித்துவிட்டுத்தான் அடுத்த நடை. கரை என்பது இப்படி நூற்றுக்கணக்கான பாய்களை அடுக்கியது.

எங்கள் ஆறு வடக்கே ஓடுகிறது. தெற்கே பனி முதலில் உருகிவிடும், வடக்கே ஆறு இன்னும் உறைந்து கிடக்கும். வருகிற தண்ணீர் போக வழியில்லாமல் வயலெல்லாம் ஏறும். அதனால்தான் ஒவ்வொரு பண்ணைவீட்டையும் சுற்றி வட்டமாகக் கரை. வண்டி போக வர ஒரே ஒரு வாய். தண்ணீர் வரப்போகிறது என்று தெரிந்ததும் கடைசியாக அந்த வாயை மண்வாரியால் அடைப்போம். யார் உள்ளே, யார் வெளியே என்று அதற்குள் முடிவாகியிருக்க வேண்டும். உள்ளே ஒருவர் கட்டாயம் இருந்தாக வேண்டும், ஏனென்றால் கரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கசியும். கசிவை இறைக்க நிலவறையில் பம்ப் இருக்கிறது, பக்கத்தில் காவல் இருப்பவருக்கு ஒரு கட்டிலும். பம்ப்பைத் தனியாக விட முடியாது.

நான் அந்த வீட்டுக்குத் திரும்பியபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஆசிரியர் பயிற்சிக்குப் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. அம்மா இறந்துபோனாள். அப்பா அதற்கு முன்பே இல்லை. வெர்டெல் வந்து விடுதி வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"இந்த ஒரு குளிர்காலம் வந்து இரு, ஆர்டி. எனக்கு முட்டை வேக வைக்கக்கூடத் தெரியாது."

எனக்கு இப்போது அறுபத்தாறு வயது. அவனுக்குக் கடைசிவரை முட்டை வேக வைக்கத் தெரியாது.

அவன் கெட்டவன் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். குடித்ததில்லை, கை ஓங்கியதில்லை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குத் தவறியதில்லை. நான் போகக் கூடாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. "வசந்தம் முடியட்டும்" என்பான். வசந்தம் முடிந்தால் விதைப்பு, விதைப்பு முடிந்தால் அறுப்பு, அறுப்பு முடிந்தால் பீட்ரூட் தோண்டுவது, அது முடிந்தால் பனி. நடுவில் ஓர்லின் என்று விதை வியாபாரி ஒருவர் மூன்று ஞாயிறு தொடர்ந்து காபி குடிக்க வந்தார். நாலாவது ஞாயிறு வெர்டெல் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய் மண்வாரியைக் காட்டி, "ரிவர்ஸ் எடு பார்க்கலாம்" என்றான். அவருக்கு எடுக்க வரவில்லை. வெர்டெல் இரவுச் சாப்பாட்டில் சிரித்துக்கொண்டே இருந்தான். "இவனைக் கட்டிக்கிட்டா கரையை யார் தூக்குவா?" என்றான். ஓர்லின் பிறகு வரவில்லை. எனக்கும் அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

முதலில் மண்வாரி வெர்டெலுடையது. பிறகு அவன் இடுப்பெலும்பு தேய ஆரம்பித்தது, குலுங்கும் டிராக்டரில் உட்கார முடியவில்லை. நான் ஏறி உட்கார்ந்தேன். லைல் கேலி செய்வார்: "ஏம்பா வெர்டெல், தங்கச்சி கட்டற கரைக்கு நீ மீசையை முறுக்கறியே." வெர்டெல் சொல்வான்: "மேஸ்திரி இல்லாம வீடு எழும்புமா?"

முதல் வெள்ளத்துக்குக் கரை நாலடி. அப்புறம் ஆறடி ஆக்கினேன். அதன் பிறகு எட்டு. போன வெள்ளத்துக்குப் பிறகு பதினோரடி. சமையலறையில் பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு ஜன்னல் உண்டு. நாலடியில் பாதை மறைந்தது. ஆறடியில் வயல் மறைந்தது. எட்டடியில் லைல் வீட்டுக் கூரையும் சர்ச் கோபுரமும் போயின. பதினோரடி கட்டி முடித்த அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது பார்த்தேன். புல் முளைக்காத மண், அதற்கு மேலே கை அகலத்துக்கு வானம்.

"ஜன்னல்ல ஒண்ணும் தெரியல" என்றேன்.

"என்ன தெரியணும்?" என்றான் வெர்டெல்.

அவன் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் அடுத்த தட்டை எடுத்துக் கழுவினேன்.

போன நவம்பரில் ஊருக்குள் இந்த முதியோர் கட்டடத்தில் ஓர் அறை காலியாகப் போகிறது என்று கேள்விப்பட்டேன். இரண்டாம் மாடி. கீழே நிலவறை கிடையாது. பெயரைக் கொடுத்துவிட்டு வந்து வெர்டெலிடம் சொன்னேன். "வசந்தம் முடியட்டும்" என்றான். மார்ச் முதல் வாரம் இங்கே போன் செய்து சாவி எப்போது தருவீர்கள் என்று கேட்டேன். ஆபீஸ் பெண் எடுத்தாள். "உங்க அண்ணன் பிப்ரவரியிலேயே போன் பண்ணி, நீங்க வரலைன்னு சொல்லிட்டாரே அம்மா. வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டோம்" என்றாள்.

வெர்டெல் மேஜையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான்.

"நீ போன் பண்ணினியா?"

"பண்ணினேன். இந்த வருஷம் பனி எவ்வளவு விழுந்திருக்குன்னு பார்த்தேல்ல? இந்த வெள்ளம் வடிஞ்சதும் கரையைப் பன்னிரண்டரை அடியாவது ஆக்கணும். நீ போயிட்டா கரையை யார் தூக்குவா?"

"எங்கிட்டச் சொல்லலியே."

"சொன்னா வருத்தப்படுவே."

எனக்குக் கோபம் வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். சீவி முடித்து வேக வைத்தேன். அவன் இரண்டு தடவை போட்டுக்கொண்டான்.

இப்போது களிமண் விஷயத்துக்கு வருகிறேன்.

உறைந்த மண்ணால் வாயை அடைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். உறைந்த கட்டி சக்கரத்துக்கு மசியாது. கட்டிக்கும் கட்டிக்கும் நடுவே பொந்து நிற்கும். குளிர் இருக்கிறவரை கோட்டை மாதிரி நிற்கும், வெயில் இரண்டு நாள் அடித்தால் கட்டி சேறாகும், பொந்து வழியாகும். அதனால் அக்டோபரிலேயே, நிலம் உறைவதற்கு முன்னால், நல்ல மஞ்சள் களிமண்ணாகப் பார்த்துச் சீவி, வாய்க்கு வெளியே குவித்து, வைக்கோல் கட்டுகளால் போர்த்தி வைப்பேன். மைனஸ் முப்பதிலும் உள்ளே வெண்ணெய் மாதிரி இருக்கும். முப்பது வருஷமாகச் செய்கிறேன். வெர்டெல் ஒரு தடவைகூடக் குவித்தாயிற்றா என்று கேட்டதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி அவனுக்கு அந்தக் குவியல்.

போன அக்டோபரிலும் குவித்தேன். அப்போது என் மனசில் எதுவும் இல்லை.

தண்ணீர் வியாழக்கிழமைக்குள் ஏறிவிடும் என்று சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு போய், வைக்கோலைத் தள்ளிவிட்டு, அந்தக் களிமண்ணை லைல் வீட்டுக் கரைக்கு ஓட்டினேன். லைலிடம் மண் போதவில்லை. உள்ளே அவர் மருமகள், பிறந்து மூன்று வாரமான குழந்தை. லைல் ஓடி வந்தார்.

"இது உங்க மண்ணாச்சே, ஆர்டிஸ். வெர்டெலுக்குத் தெரியுமா?"

"அவன் என்னைக்கு அந்தக் குவியலைப் பத்திக் கேட்டிருக்கான்?" என்றேன்.

லைல் சிரித்தார். "அதுவும் சரிதான். அவனுக்கு மீசையை முறுக்கவே நேரம் போதாது."

லைலின் கரைக்குப் பத்து நடை போதும். எங்கள் வாய்க்கு இன்னொரு பத்து. குவியலில் இரண்டுக்கும் தாராளமாக இருந்தது. நான் இருபத்திரண்டு நடையும் லைல் கரைக்கே ஓட்டினேன். அவர் கரை வேண்டியதைவிட இரண்டடி உயரமாக நிற்கிறது, போய்ப் பாருங்கள். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போன ஞாயிறு சர்ச்சில் பாதிரியார் என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார்.

பிறகு எங்கள் வாய்க்கு வந்தேன். கால்வாய் வெட்டிப்போட்ட பழைய மண் பாதையோரமாக உறைந்து கிடந்தது. தகட்டைப் போட்டால் தீப்பொறி பறந்தது. பாறை பாறையாகப் பெயர்த்து எடுத்துக்கொண்டு வந்தேன். வெர்டெல் இரண்டு கைத்தடிகளோடு வாய்க்கு உள்பக்கம் நின்றிருந்தான். அவன் நின்ற இடத்திலிருந்து குவியல் இருந்த இடம் தெரியாது. பதினோரடிக் கரை மறைத்துவிடும். வைக்கோலுக்கு அடியிலிருந்துதான் எடுத்து வருகிறேன், மேலாப்பில் கொஞ்சம் பனி பிடித்திருக்கிறது என்று நினைத்தான். நான் அப்படிச் சொல்லவில்லை. அவனே நினைத்துக்கொண்டான்.

நான் சொன்னது என்ன என்று உங்களுக்குத் தெரியும். லைல் உதவிக்கு வந்து பக்கத்தில் நிற்கிறவரை காத்திருந்துதான் சொன்னேன். வெர்டெலுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் சத்தமாகச் சொன்னேன் என்று உங்களிடம் சொல்லலாம். அப்படிச் சொன்னாலும் பொய்யாகாது.

அடைத்தேன். மண் கெட்டதே தவிர வேலை கெடவில்லை. ஒவ்வொரு நடைக்கும் மேலே ஏறி எட்டுத் தடவை மிதித்தேன். சரிவை இரண்டு பக்கமும் தகட்டால் வழித்து விட்டேன். வெர்டெல் உள்ளேயிருந்து தடியால் தட்டிப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கு, ஆர்டி. உன் கையே கை" என்றான். நாற்பத்தேழு வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவன் அப்படிச் சொன்னது அது ஒரு தடவைதான். இதற்கு முந்தைய வெள்ளங்களிலெல்லாம் அடைத்து முடித்ததும் நானும் மேலே ஏறி உள்பக்கம் இறங்கிவிடுவேன். இந்தத் தடவை முழங்கால் மடங்கவில்லை, லைல் வீட்டில் இருக்கிறேன் என்றேன். முழங்கால் உண்மையிலேயே வலித்தது.

"சாப்பாடு?" என்றான்.

"மூணு நாளைக்குச் செஞ்சு அடுப்பு மேலேயே வச்சிருக்கேன். சூடு பண்ணிக்க."

புதன்கிழமை தண்ணீர் வந்தது. வியாழக்கிழமை நல்ல வெயில். ஒரு மேகம் கிடையாது. வயலெங்கும் தண்ணீர், அதில் எங்கள் வீடு ஒரு கிண்ணத்துக்குள் வைத்த மாதிரி. நான் டிராக்டரைப் பாதை மேட்டில் நிறுத்தி, உள்ளே உட்கார்ந்திருந்தேன். கையில் ரேடியோ. வெர்டெலிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. மார்லிஸ் சூடாகச் சாப்பாடு கொடுத்தனுப்பியிருந்தாள். மதியம் ஒன்றரை மணிக்கு அடைப்பின் தலை ஒரு கை அகலம் இறங்கியிருந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்காது. லைலுக்கும் தெரியவில்லை. எனக்கு ஓர் அங்குலம் இறங்கினாலும் தெரியும், அதுதான் என் வேலை. கசிவு தெளிந்து வந்தால் பயமில்லை, கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அடைப்பை ஒட்டித் தண்ணீரில் ஒரு சின்னச் சுழி போட்டது. பாத்திரம் கழுவும் தொட்டியில் அடைப்பானை எடுத்தால் விழுமே, அந்த மாதிரி.

லைல் மேட்டில் ஏறி வந்து கேட்டார்: "போட்டை எடுத்துட்டுப் போய் ஒரு எட்டு பார்த்துட்டு வரவா, ஆர்டிஸ்?"

"இது அவன் தூங்கற நேரம்" என்றேன்.

அது அவன் தூங்கற நேரம்தான். லைல் தலையாட்டிவிட்டுப் போனார். இப்போது தினமும் சாயங்காலம் இங்கே வந்து, நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அழுகிறார். "அந்த மண்ணை நான் வாங்கியிருக்கக் கூடாது" என்கிறார். எனக்கு அது தாங்கவில்லை. உங்களிடம் இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். அவர் வாங்கவில்லை, நான் கொடுத்தேன் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். நாங்கள் இந்த மாதிரி விஷயங்களை எங்களுக்குள் பேசிப் பழகியதில்லை.

ஆரம்பத்தில் வீடு நனைந்தால் போதும் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நனைந்த வீட்டில் பூஞ்சை பிடித்துவிடும், இருக்க முடியாது, அவனும் ஊருக்குள் வந்துவிடுவான், இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் அறை பார்க்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் பம்ப் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நிலவறைக்குப் பதின்மூன்று படி. அந்த இடுப்பை வைத்துக்கொண்டு அவன் ஏறி வர, நான் பின்னாலிருந்து தாங்கினால் ஐந்து நிமிஷம் ஆகும். நான் அங்கே இல்லை. இதெல்லாம் எனக்கு வியாழக்கிழமை தெரியும், செவ்வாய்க்கிழமை தெரியும், உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோதே தெரியும். அதனால் அந்தக் காகிதத்தில் இருக்கிற சொல் சரியில்லை. வேறு சொல் எழுதிக் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அறை கிடைத்துவிட்டது. அதை வாங்கியிருந்த அம்மா ஏப்ரலில் தன் மகனோடு போய்விட்டாள். ஜன்னலில் சாலை தெரிகிறது, சர்ச் கோபுரம் தெரிகிறது, தபால்காரர் வருவதுகூடத் தெரிகிறது. பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பம்ப்பைப் பார்க்க எழுந்துவிடுகிறேன். எழுந்து நின்ற பிறகுதான் இங்கே பம்ப் இல்லை என்று ஞாபகம் வருகிறது. மற்றபடி வசதியான அறை.

ஆனால் ஒன்றை மட்டும் நீங்கள் மாற்றி எழுதக் கூடாது. நான் வெர்டெலிடம் பொய் சொன்னதில்லை. அன்று மட்டுமில்லை, பிறந்ததிலிருந்து சொன்னதில்லை. மண் உறைந்திருக்கிறது என்றேன், உறைந்திருந்தது. முழங்கால் வலி என்றேன், வலித்தது. அவன் என்னிடம் மறைத்தான், போன் செய்தான். நான் எதையும் மறைக்கவில்லை. எங்கள் வீட்டில் கேட்டதற்குப் பதில் வரவில்லையென்றால் சரி என்று அர்த்தம். அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். அது எங்கள் பழக்கம், அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வியாழக்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு ரேடியோ கரகரத்தது. நான் அதை மடியில்தான் வைத்திருந்தேன். பேசுகிற பொத்தானின் மேலேயே என் விரல் இருந்தது. கண்ணெதிரே சுழி அகலமாகிக்கொண்டிருந்தது.

"ஆர்டி, நான் கீழ பம்ப்புகிட்டதான் இருக்கேன். இடுப்பு ரொம்ப வலிக்குது, மேல ஏறி வர மலைப்பா இருக்கு. அங்கேர்ந்து பார்க்க அடைப்பு நல்லாத்தானே நிக்குது? இங்கேயே கட்டில்ல கொஞ்ச நேரம் கண்ணசரட்டுமா?"